பொடிக்கட்டத்தில் வந்த மயில்கழுத்து

கேமராப் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ரபேல் அதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். லென்ஸ் கண்ணாடியை அல்ல. லென்ஸுக்குப் பின்னால், படத்தை வாங்கிக்கொள்ளும் சென்சாருக்கு முன்னால், தபால்தலை அகலத்தில் ஒரு மெல்லிய தகடு இருந்தது. கூட வந்த விளக்கப் புத்தகம் அதற்கு ‘ஆன்டி-அலியாசிங் பில்டர்’ என்று பெரிய பெயர் வைத்திருந்தது. படத்தை மயிரிழை அளவு மழுக்கும், வேண்டாதவர்கள் எடுத்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தது. மழுக்கும் என்ற இடத்தோடு ரபேல் வாசிப்பை நிறுத்திக்கொண்டார்.

“கூர்மையா எடுக்கிற கேமரான்னு சொல்லி வித்துட்டு, அது கண்ணுல அவனே பூ விழ வச்சிருக்கான் பாரேன்” என்றார்.

தங்கை செசிலியா புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தையும் படித்தாள். அண்ணன் விட்ட பக்கத்தைத் தங்கை படிப்பது அந்த வீட்டில் புதிதல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. பிரிக்ஃபீல்ட்ஸில் கடைவீட்டின் மாடியில் இருந்தது அவர்களுடைய ஸ்டூடியோ. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, ஓய்வு பெற்றதும் பிள்ளைகளுக்காகத் திறந்தது. திறந்த அன்றே மகனுக்குக் கேமராவையும் மகளுக்குப் பிரஷ்ஷையும் கொடுத்துவிட்டு, சில வருடத்தில் போய்ச் சேர்ந்தார். திறந்த நாளிலிருந்து ரபேல் படம் எடுப்பார். செசிலியா அந்தப் படங்களில் மணப்பெண்களின் பருவை மறைப்பாள், மாப்பிள்ளைகளின் கண்ணுக்குக் கீழே கருமையைத் துடைப்பாள். அவளுக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. எடுக்கச் சொன்னதும் இல்லை. கூலி வாங்கும் வேலைக்கு ஒருமுறைகூட அவள் கேமராவைத் தொட்டதில்லை என்பதை, அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இந்தப் புதுக் கேமராவை வாங்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவளே அவள்தான். பிலிம் போய்விடும், பிரஷ்ஷும் போய்விடும், இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிரஷ் போகும்போது தானும் சேர்ந்து போவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

மறுவாரம் கிள்ளான் நகரத்திலிருந்து கனகேஸ்வரி அக்காவின் வேலை வந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த வீட்டில் பிறந்து, எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, ஜாலான் தெங்கு கிளானா என்ற கடைத்தெருவில் பட்டுச்சேலைக் கடை திறந்தவர். தீபாவளிக்குக் கேட்டலாக் போட வேண்டும், கடை வாசலுக்கு ஆள் உயரத்தில் ஒரு போஸ்டரும் வேண்டும் என்றார். மாதிரிக்கு ஒரு சேலையைக் கொடுத்துவிட்டுப் போனார். சாம்பலும் வெள்ளையும் கலந்த பொடிக்கட்டம். நாலடி தள்ளி நின்றால் கட்டம் மறைந்து வெறும் சாம்பல் பட்டாகத் தெரியும்.

ரபேலின் மனைவி கெர்ட்ரூட் அதைக் கட்டிக்கொண்டு நின்றாள். கணவர் எடுக்கிற படத்துக்கு நின்று நின்று அந்த அம்மாளுக்குக் கால் நரம்பு சுருண்டதுதான் மிச்சம். பக்கத்தில் புது ரயில் ஸ்டேஷன் கட்டுகிற இடத்தில் தூண் இறக்கும் இயந்திரம் இடித்துக்கொண்டே இருந்தது. அது மூச்சுவிடும் இடைவெளி பார்த்து ரபேல் பட்டனை அழுத்தினார்.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. கெர்ட்ரூட்டின் இமை மயிரை எண்ணிவிடலாம். ரபேல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். செசிலியா மட்டும் சேலையைப் பார்த்தாள். சாம்பல் பட்டின் மேல் இளஞ்சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக வளைந்து ஓடின.

“அண்ணே, இந்தக் கலர் சேலையில இல்லையே?”

“லைட்டு அடிக்குதுலா. பட்டுன்னா மின்னத்தான் செய்யும்.”

“மின்னுறது வேற. இது கண்ணாடிய எடுத்ததால வந்தது.” அவள் ஜன்னலோரம் மடித்துத் தொங்கவிட்டிருந்த கொசுவலையைக் காட்டினாள். “அங்க பாருங்க, ரெண்டு மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த இடத்துல அலை அலையாத் தெரியுதா? வலையில அலை இருக்கா? இல்ல. சென்சார்லயும் வரிசை வரிசையாப் புள்ளி இருக்கு, சேலையிலயும் வரிசையாக் கட்டம் இருக்கு. ரெண்டும் மோதினா இல்லாத ஒண்ணு தெரியும். அந்தக் கண்ணாடி ரொம்பப் பொடிசா இருக்கிறத முன்னாடியே லேசாக் கலைச்சு விட்டுரும். அதுக்குத்தான் வச்சிருக்கான்.”

“அப்ப ஒரு சேலைக்காக எல்லாப் படத்தையும் மழுக்கச் சொல்றியா? ரெண்டு அடி தள்ளி நின்னா போயிரும்.”

“இந்த இடத்துல போகும், இன்னொரு மடிப்புல வரும். கல்யாணத்துல பொண்ணு நடந்து வரும்போது, ‘இரும்மா, பட்டை வருது’ன்னு நிறுத்துவீங்களா? மழுங்கினதைக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கூராக்கிக்கலாம். தப்பா வந்த கலர எங்க போய்த் துடைக்கிறது?”

ரபேல் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். வாதம் முற்றி, கெர்ட்ரூட் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போன பிறகும் நீண்டு, கடைசியில் ரபேலே ஒரு வழி சொன்னார். அவர் கண்ணாடி இல்லாமல் எடுப்பார், அவள் கண்ணாடி போட்டு எடுக்கட்டும். யார் எடுத்தது என்று சொல்லாமல் இரண்டையும் கனகேஸ்வரி அக்காவிடம் காட்டுவது. அக்கா எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதை எடுத்தவர் கையில் இனிமேல் இந்தக் கேமரா. மற்றவர் பக்கத்தில் நின்று உதவி செய்வது.

செசிலியா உடனே சரி என்றாள். அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை. இருபது வருடம் கண்ணை வைத்துப் பிழைத்தவள். கண்ணுள்ள எவரும் மெய்யான படத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று நம்பினாள். பாவம், வியாபாரம் செய்பவர்களின் கண் வேறு என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

கனகேஸ்வரி அக்கா தானே புரோட்டோன் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு படங்களையும் மேசையில் வைத்தார்கள். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். பிறகு ரபேலின் படத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

“என்ன பிள்ளை இது! நான் இதை வெறும் சாம்பல்னு அலமாரியில கீழ போட்டு வச்சிருக்கேன். மயில்கழுத்து அடிக்குதே! ரெண்டு கலர் பட்டு இல்லையா இது?”

தப்பு அவர் மேல் இல்லை. ஊடு ஒரு நிறம், பாவு ஒரு நிறம் என்று நெய்த பட்டு, நடக்க நடக்க நிறம் மாறுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர். பச்சையும் சிவப்பும் ஒரே சேலையில் ஓடினால் அது மயில்கழுத்து. வேறு எதுவாக இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை.

“அக்கா, அது பொய்க் கலர். கேமரா தானாப் போட்டது. சேலையைக் கையில வச்சுப் பாருங்க” என்றாள் செசிலியா.

அக்கா சேலையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். மற்ற படம் இவளுடையது என்பது அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது.

“உன்னோடதும் நல்லாத்தான் இருக்கு பிள்ளை. வருத்தப்படாத. இது கொஞ்சம் எடுப்பா இருக்கு, அவ்வளவுதான்.”

செசிலியாவுக்கு முகம் எரிந்தது. தோற்றதைவிட, பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாரே என்பதுதான் பொறுக்கவில்லை. ரபேல் ஒன்றும் சொல்லாமல் கேமராப் பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சொல்லிக் காட்டியிருந்தால்கூட அவள் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள்.

கேட்டலாக் படங்கள் முழுவதையும் ரபேல் எடுத்தார். மற்ற சேலைகள் பெரிய கரையும் பெரிய பூவுமாக இருந்ததால் தொந்தரவில்லாமல் வந்தன. பொடிக்கட்டச் சேலை போஸ்டராகிக் கிள்ளானில் கடை வாசலில் தொங்கியது. அது தொங்கியதுதான் தாமதம், கடையில் கூட்டம் கூடியது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே சேலையைக் கேட்டார்கள்.

“வாசல்ல இருக்கே, அந்த மயில்கழுத்து. அத எடுங்க.”

கடைப்பெண் சாம்பல் சேலையை எடுத்து விரித்தாள். இது இல்லை என்றார்கள். இதுதான் அது என்றாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், வாசலுக்குக் கொண்டுபோய்ப் போஸ்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். சாம்பல் சாம்பலாகவே இருந்தது. போர்ட் கிள்ளானிலிருந்து மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த பூமணி என்ற அம்மாள்தான் கடைசியில் நடுக்கடையில் நின்று போட்டு உடைத்தாள்.

“நல்ல சேலைய எல்லாம் சொந்தக்காரங்களுக்கு உள்ள எடுத்து வச்சுட்டு, எங்களுக்கு இந்தச் சாம்பலக் காட்டுறீங்களாக்கும்? நாங்களும் காசுதானே குடுக்கிறோம்? வேற மாதிரி காசா குடுக்கிறோம்?”

அந்தப் பேச்சு ஜாலான் தெங்கு கிளானா முழுக்க ஒரு நாளில் பரவியது. சரக்கைப் பதுக்குகிற கடை என்று பெயர் எடுத்தால், பிறகு தீபாவளி என்ன, எந்த வளியிலும் வியாபாரம் ஓடாது. கனகேஸ்வரி அக்கா போஸ்டரைச் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு, சேலையும் கையுமாகப் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிப்படி ஏறினார்.

“தம்பி, இந்தக் கலர் இந்தச் சேலையில எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்.”

ரபேல் போஸ்டரை விரித்துப் பார்த்தார். “பிரஸ்ல மை கூடிப் போச்சு அக்கா. அவங்க வேலை அப்படித்தான்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். செசிலியாவுக்கு அதற்கு மேல் இருக்க முடியவில்லை. சேலையை ஆணியில் மாட்டினாள். அண்ணன் கழுத்திலிருந்து கேட்காமலேயே கேமராவைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்து ஒரு படம் எடுத்தாள். ஸ்டாண்டை ஒரு முழம் முன்னால் நகர்த்தி இன்னொன்று. பின்னால் நகர்த்தி இன்னொன்று. மூன்றையும் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒன்றில் பட்டை அகலமாக, ஒன்றில் நெருக்கமாக, ஒன்றில் சாய்ந்து ஓடியது.

“பிரஸ் இன்னும் கிட்டவே வரல. ஆணியில தொங்குற சேலை கலர் மாத்துமா அக்கா, ஸ்டாண்டு நகர்ந்தா?” பிறகு கண்ணாடித் தகட்டை எடுத்துப் பொருத்தி நான்காவதாக ஒன்று எடுத்தாள். சாம்பல் பட்டு, சாம்பல் பட்டாகவே வந்தது. “கொஞ்சம் மெத்துனு இருக்கும். அது நெசம். நீங்க அன்னைக்குத் தள்ளி வச்சது இதுதான்.”

கனகேஸ்வரி அக்கா நாலு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகம் சொன்னது. செசிலியா மூச்சை விட்டாள். கேமரா தன் பக்கம் வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

“சரி பிள்ளை, நீ சொன்னதுதான் சரி. அன்னைக்கு நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்.” அக்கா சேலையை மடித்துப் பையில் வைத்தார். “ஆனா இதுல நான் செய்ய வேண்டியது வேற. பொய்யோ மெய்யோ, சனம் அந்தக் கலரைத்தான் கேக்குது. இந்தப் போஸ்டரைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பப் போறேன். இதே பொடிக்கட்டத்துல, இதே பச்சையும் ரோஸும் அடிக்கிற மாதிரி நெய்து அனுப்பச் சொல்றேன். வந்ததும் புதுப் போஸ்டர் போடணும்.”

ரபேலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அக்கா படியிறங்கியதும் கையைத் தட்டினார்.

“பார்த்தியா? என் படத்தப் பார்த்து ஒரு சேலையே பொறக்கப் போகுது! உன் கண்ணாடி இருந்திருந்தா இது வந்திருக்குமா?”

“இல்லாததப் போட்டு ஜனங்க கண்ண ஏமாத்திட்டு, பெருமை வேற.”

“ஏன், இருபது வருஷமா நீ பொண்ணுங்க முகத்துல பரு எடுக்கலையா? அது மட்டும் நெசமா?”

“பரு ஒரு வாரத்துல தானாப் போகும் அண்ணே. நான் ஒரு வாரம் முன்னாடி போக வச்சேன். யாருக்கும் இல்லாத மூக்க நான் ஒட்ட வச்சதில்ல.”

வாயால் ஜெயித்தாள். கேமரா என்னவோ அண்ணன் கழுத்துக்கே திரும்பிப் போனது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், அக்கா தேர்ந்தெடுத்தது அவர் படம். சரியாகச் சொன்னவள் பக்கத்தில் நிற்க, தப்பாக எடுத்தவர் படம் எடுக்கிறார் என்பது அவளுக்குச் சோற்றில் கல்லாகக் கடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் தன் கணக்கு தப்பில்லை என்ற நம்பிக்கை மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. பொடிக்கட்டம் பொடிக்கட்டம்தான், அது எந்த நிறத்தில் வந்தாலும்.

தீபாவளி நெருங்கியபோது சேலை வந்தது. நெய்தவர் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். காகிதத்தில் பார்த்ததை அப்படியே பட்டில் இறக்கியிருந்தார். பச்சை ஊடு, ரோஸ் பாவு, மேலே அதே பொடிக்கட்டம். கெர்ட்ரூட் கட்டிக்கொண்டு திரும்பியபோது செசிலியாவுக்கே கண் விலகவில்லை. பொய்யில் பிறந்தாலும் அழகான சேலை.

கனகேஸ்வரி அக்கா இந்த முறை நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, ஒண்ணு சொல்லிடுறேன். போன தடவை பட்டது போதும். சேலையில என்ன கலர் இருக்கோ அது வரணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பூமணியைத்தான் முதல்ல கூப்பிட்டுக் காட்டப் போறேன்.”

“இப்ப நெசமாவே கலர் இருக்கே அக்கா. கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்” என்றார் ரபேல். கண்ணாடித் தகட்டைப் போடவில்லை. செசிலியா போடச் சொல்லவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

தூண் இயந்திரம் ஓய்ந்த நேரம் பார்த்து அவர் எடுத்தார். படம் திரையில் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. கெர்ட்ரூட்டின் நெற்றி வந்தது, மூக்குத்தி வந்தது, எல்லாம் கண்ணைக் குத்தும் தெளிவு. பிறகு சேலை வந்தது. பச்சைக்கும் ரோஸுக்கும் மேலே, அழைக்காத விருந்தாளியாக, ஆரஞ்சும் நீலமும் வளைந்து வளைந்து ஓடின.

ரபேல் ஸ்டாண்டைப் பின்னால் இழுத்தார். ஆரஞ்சு அகலமானது. முன்னால் தள்ளினார். இடுப்பில் இருந்தது மறைந்து முந்தானையில் வந்தது. வியர்வை துடைத்துக்கொண்டு மறுபடி பின்னால் போனார். “எனக்குக் கால் கடுக்குதுங்க” என்றாள் கெர்ட்ரூட்.

கனகேஸ்வரி அக்கா எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, திரையை அமைதியாகப் பார்த்தார்.

“தம்பி,” என்றார், “இதையும் நெய்யச் சொல்லட்டுமா?”

முதலில் சிரித்தது கெர்ட்ரூட்தான். பிறகு செசிலியாவுக்கும் தாங்கவில்லை. ரபேல் கொஞ்ச நேரம் திரையை முறைத்தார், சேலையை முறைத்தார், கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேமராவை ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தங்கை கையில் வைத்தார்.

“நீ எடு செசி. ஒப்பந்தமாவது மண்ணாவது.”

அவள் வாங்கினாள். அதன் கனம் கையில் இறங்கியது. அழுதுவிடக் கூடாது என்று அவசரமாகக் கண்ணாடித் தகட்டைப் பொருத்தினாள். ஒரே படம். பச்சை பச்சையாக, ரோஸ் ரோஸாக, மயில்கழுத்து மயில்கழுத்தாக வந்தது. கொஞ்சம் மெத்தென்று இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஒரு பிடி கூராக்கினாள். பூமணி அந்தப் போஸ்டரின் பக்கத்தில் சேலையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மகளுக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக எடுத்தாள் என்று அக்கா போனில் சொன்னார்.

தீபாவளி முடிந்ததும் பக்கத்துத் தெரு நகைக்கடையிலிருந்து ஒரு வேலை வந்தது. காசுமாலையும் அட்டிகையும் மேசையில் பரப்பியிருந்தது. செசிலியா கேமராவைத் திறந்து, கண்ணாடித் தகட்டைத் தானே கழற்றி வைத்தாள்.

ரபேல் குதித்தெழுந்தார். “ஆ! என்ன, நீயே கழட்டுற?”

“நகையில நெசவு இல்லையே அண்ணே. மோதுறதுக்கு ஒண்ணும் கிடையாது. இதுக்கு நீங்க சொன்ன கூர்மைதான் வேணும். மழுங்கினா கல்லு செத்துப் போகும்.”

“அப்ப நான் சொன்னது சரின்னு ஒத்துக்கிற?”

“நகைக்குச் சரி. நூறு பெர்சென்ட் சரி.”

ரபேலின் முகம் மலர்ந்தது. ஒத்துக்கொண்ட சூடு ஆறுவதற்குள் கையை நீட்டினார். “சரி, அப்படின்னா இத நான் எடுக்கிறேன், குடு.”

செசிலியா கேமராவில் கண்ணை வைத்தாள்.

“இல்ல அண்ணே. நீங்க அந்த விளக்கக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க.”

ரபேல் நீட்டிய கையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு போய் விளக்கைத் தள்ளினார்.